கொல்லையில் ஓடிய கல்யாணம்

2025 ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் நெடுங்காடு போய் வயலைப் பார்த்துவிட்டு வந்தேன். குறுவை நன்றாக வந்திருக்கிறது. அறுப்பு மெஷினுக்குச் சொல்லியாயிற்று.

சாயங்காலம் பக்கத்து வீட்டு சேக் பரீது மதில் வழியாக எட்டிக் கூப்பிட்டார். கல்யாண வீடுகளுக்கு லைட், மைக், புரொஜெக்டர் எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். பேத்திகள் வந்திருக்கிறார்கள் என்று அவர் வீட்டுக் கொல்லையில் வெள்ளைத் துணி கட்டி ஏதோ கார்ட்டூன் படம் போட்டிருந்தார். பாய் விரித்து, சமோசா பொரித்து, வீடே அங்கே உட்கார்ந்திருந்தது. நானும் ஒரு அரைமணி உட்கார்ந்தேன். தலைக்கு மேலே தென்னை மட்டை அசைகிறது, எதிரே படம் ஓடுகிறது. நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தோன்றியது. அடுத்த மாதம் பத்தாம் தேதி வந்தால் எனக்கும் சௌந்தரத்துக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். எங்கள் கல்யாண வீடியோ கேசட் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. அதை நம் கொல்லையில் போட்டால் என்ன?

இத்தனை வருஷத்தில் அவளை ஓர் ஊருக்குக் கூட்டிப் போனதில்லை. பழனி ஒருமுறை. அதுவும் அப்பாவின் வேண்டுதலுக்காக. இதையாவது செய்யலாம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சௌந்தரத்திடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவேயில்லை.

"எதுக்குங்க அதெல்லாம்? கேசட்டு பூசணம் புடிச்சிப் போயிருக்கும்."

அதையெல்லாம் சுத்தம் பண்ணி பென்டிரைவில் ஏற்றித் தருகிறார்களாம், பரீது பாய் சொன்னார் என்றேன்.

"உங்க இஷ்டம்."

வெட்கப்படுகிறாள். அந்தக் காலத்துக் கொண்டையை எல்லாரும் பார்ப்பார்களே என்று இருக்கும்.

சிவப்ரியா காலேஜிலிருந்து வந்ததும் அவளிடமும் சொன்னேன். "அம்மா சரின்னு சொன்னாங்களாப்பா?" என்றாள். உங்க இஷ்டம் என்றால் சரி என்றுதானே அர்த்தம்? என் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

என் பழைய டைரிகளுக்கு அடியில் கேசட் கிடைத்தது. 'குஞ்சிதபாதம் – சௌந்தரவல்லி, 10.9.2000.' நாகப்பட்டினத்தில் ஒரு கடையில் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் ஆகுமாம்.

திரும்பும்போது பஸ் திருமலைராயன்பட்டினத்தில் ஐந்து நிமிஷம் நின்றது. பட்டினம் என்று நாங்கள் சொல்கிற அதுதான் சௌந்தரத்தின் ஊர். இங்கே தலத்தெருவிலிருந்து பஸ்ஸில் போனால் அரைமணி நேரம்கூட இல்லை. நான் வழக்கம்போல் ஜன்னலை விட்டு இந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் தம்பி பாலகுரு அங்கேதான் இருக்கிறான். அவனோடு பேச்சு இல்லை, போக்குவரத்து இல்லை. சௌந்தரத்துக்கும் இல்லை. இருபத்து மூன்று வருஷம் ஆகிறது.

காரணத்தை எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. எங்கள் கல்யாணத்தன்று சம்பந்தி என்றுகூடப் பார்க்காமல் அப்பாவைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவன். அப்பா அன்று பசியோடு வீடு திரும்பினார். சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரி. அதை ஏன் இப்போது எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

மழை. அறுப்பு தள்ளிப் போகிறது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கொல்லையைச் சுத்தம் செய்தேன். உடைந்த சிமென்ட் தொட்டி, பழைய கதவு, கீற்று எல்லாம் ஓரம் கட்டியாயிற்று. மரமேறி வந்து முற்றின தேங்காயையும் பழுத்த மட்டையையும் இறக்கிவிட்டுப் போனார். படம் பார்க்கிறவர்கள் தலையில் விழுந்தால் என்ன செய்வது?

இடுப்பு பிடித்துக்கொண்டது. சௌந்தரம் தைலம் எடுத்து வந்து தேய்த்தாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

பென்டிரைவ் வந்துவிட்டது. "ரெண்டே கால் மணி நேரம் ஓடுது சார், எல்லாத்தையும் முழுசா எடுத்திருக்காங்க" என்றார் கடைக்காரர். நான் போட்டுப் பார்க்கவில்லை. எல்லாரோடும் சேர்ந்து முதல்முறையாகப் பார்க்க வேண்டும். நான் இதை ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்ததில்லை என்று இப்போதுதான் உறைக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

இன்று கிரகணம். எட்டு மணிக்குள் சாப்பாடு முடிந்தது.

யாரையெல்லாம் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதினேன். சித்தப்பா, எதிர்வீடு, பரீது பாய் குடும்பம், ஆபீஸில் நாலு பேர். தங்கை பங்கஜவல்லி மயிலாடுதுறையிலிருந்து வர முடியாதாம், மாமியாருக்கு உடம்பு சரியில்லை. சௌந்தரம் தாளைப் பார்த்தாள்.

"எங்க பக்கத்துல?" என்றாள்.

நான் பதில் தேடுவதற்குள் அவளே, "இல்ல, சும்மா கேட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

செப்டம்பர் 10, புதன்

கல்யாண நாள். கோயிலுக்குப் போனோம். மாம்பழ நிறத்தில் புடவை எடுத்துக் கொடுத்தேன். நல்லா இருக்கு என்றாள். படத்தைச் சனிக்கிழமைக்கு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஒத்திகை. இரட்டை பெட்ஷீட்டைத் தென்னைக்கும் துணி உலர்த்தும் கம்பத்துக்கும் நடுவே கட்டினோம். கடற்காற்று வந்து பாய்மரம் மாதிரி உப்பிவிட்டது. பரீது பாய் அடியில் ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கோத்து, இரண்டு பக்கமும் செங்கல் கட்டித் தொங்கவிட்டார். நின்றது. துவைக்கிற கல்மேல் ஸ்டூல் போட்டு புரொஜெக்டர், பக்கத்தில் லேப்டாப். சமையலறை ஜன்னல் வழியாகக் கரண்ட். எதிர்வீட்டு மாடி விளக்கை மட்டும் அணைக்கச் சொல்ல வேண்டும்.

பரீது பாய் சொன்னார்: "சார், நீங்க இவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததே இல்ல."

செப்டம்பர் 14, ஞாயிறு காலை

எழுதத்தான் வேண்டும்.

நேற்று ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். இருபது பேர் இருக்கும். நாலு மூலையிலும் வேப்பிலைப் புகை போட்டிருந்தோம். சௌந்தரம் சுண்டலும் வாழைக்காய் பஜ்ஜியும் செய்திருந்தாள். அப்பாவின் தம்பி திருஞானசம்பந்தம் சித்தப்பாவுக்கு முன்வரிசையில் நாற்காலி. எண்பத்தொரு வயது. காது மந்தம், கண் மட்டும் நன்றாகத் தெரியும்.

முதலில் ரோஜாப்பூக்களுக்கு நடுவில் எங்கள் பெயர். என் மீசையைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மணவறைப் பக்கம் ஆரத்தித் தட்டோடு ஓர் அம்மாள் நடந்து வந்தார். சௌந்தரத்தின் அம்மா. பின்வரிசையில் இருந்த சௌந்தரம் எழுந்து, நாற்காலிகளுக்கு நடுவே வந்து, திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். புதுப் புடவையோடு. அந்த அம்மா போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது.

தாலி கட்டினேன். மூன்றாவது முடிச்சைப் பங்கஜவல்லி போட்டாள். நாத்தனார் முடிச்சு. எல்லாரும் கைதட்டினார்கள்.

அப்புறம் பந்தி.

கேமரா ஒவ்வோர் இலையாக நகர்ந்தது. மூன்றாவது இலையில் அப்பா. அவருக்குப் பின்னால் மாலையும் கழுத்துமாக நான் நிற்கிறேன். குனிந்து ஏதோ சொல்கிறேன். வாளியும் கரண்டியுமாக, இடுப்பில் துண்டோடு ஒல்லியாக ஒருவன் வருகிறான். பாலகுரு. அப்பா இலையில் பாயசம் ஊற்றுகிறான். அப்பா வழித்துச் சாப்பிடுகிறார். அவன் போய்விட்டுத் திரும்பி வருகிறான். அப்பா மறுபடி கை காட்டுகிறார். ஊற்றுகிறான். அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்து ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

நானும் சிரிக்கிறேன். பின்னால் நின்றுகொண்டு, பல் தெரிய.

பேச்சு கேட்காது, மேலே நாதஸ்வரம் போட்டிருந்தார்கள். அப்பா நிதானமாக இலையை மடித்தார். எழுந்தார். யாரும் எழுப்பவில்லை.

சித்தப்பா உரக்கச் சொன்னார், காது கேட்காதவர் சொல்கிற மாதிரி: "அடடே! அண்ணன் பாயசத்துக்கு ரெண்டாந்தரம் கை நீட்டுறாரு பாரு! ஊத்துறது யாருடா அது? உன் மச்சான்தானே..."

அவரே நிறுத்திக்கொண்டார். அங்கே இருந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் பந்தியிலிருந்து எழுப்பிவிட்ட கதை தெரியும். அப்பா சொல்லாத ஆள் கிடையாது. நான் லேப்டாப் பக்கம் போனேன்.

"நிறுத்தாதீங்க."

சௌந்தரம்தான். திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஓடட்டும்."

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவள் என்னை இதைச் செய், இதைச் செய்யாதே என்று சொன்னது இதுதான் முதல் தடவை. கடைசி வரை ஓடியது. முடிந்ததும் அவரவர் செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் நன்றாக இருந்தது என்று சொல்லவில்லை.

காலையில் அவள் கொல்லையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். போய் நின்றேன்.

"அந்தப் பந்தி... உனக்குத் தெரியுமா?"

"டெக்கு ரிப்பேராவுற வரைக்கும் எத்தனையோ தடவ பாத்திருக்கேன். நீங்க ஆபீஸ் போயிருப்பீங்க. மாமா தூங்கிட்டிருப்பாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

விளக்குமாற்றைத் தரையில் தட்டிச் சமன் செய்தாள்.

"சொன்னேங்க. பாலகுரு கல்யாணத்துக்கு நாலு நாளு முன்னாடி. சாப்டுகிட்டு இருந்தீங்க. தட்டத் தள்ளிட்டு எழுந்து போயிட்டீங்க."

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கேமராவில் வந்தது ஒரு பந்திதானே. அப்புறம் இன்னொரு தடவை உட்கார்ந்தபோது எழுப்பியிருக்கலாம் இல்லையா?

இரண்டு தடவை பாயசம் சாப்பிட்டவர் எதற்கு இன்னொரு தடவை உட்காருவார்.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். 2003ஆம் வருஷ டைரி. என் கையெழுத்து அப்போது இன்னும் அழகாக இருந்திருக்கிறது. அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன்.

மே 20: 'பாலகுரு கல்யாணப் பத்திரிகையோடு வந்தான். நான் உள்ளேயே இருந்துவிட்டேன். அப்பா வாசலிலேயே பேசி அனுப்பிவிட்டார்.'

ஜூன் 4: 'சௌந்தரம் தம்பிக்குப் பரிந்துகொண்டு அப்பாவைப் பொய் சொல்கிறார் என்கிறாள். கேசட்டைப் பார்க்கச் சொல்கிறாள். பார்க்கத் தேவையில்லை. அப்பா சொன்னால் சொன்னதுதான்.'

ஜூன் 8: 'வெயில் அதிகம். பட்டினம் கல்யாணத்துக்குப் போகவில்லை. சௌந்தரம் பகல் முழுக்கப் படுத்திருந்தாள். தலைவலியாம்.'

தலைவலியாம்.

ஒரே தம்பி. அவள் போட வேண்டிய நாத்தனார் முடிச்சு. அன்று அவள் நாலு மாதக் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், இங்கிருந்து அரைமணி தூரத்தில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 18, வியாழன்

பங்கஜவல்லிக்குப் போன் செய்தேன். ஒன்று கேட்க வேண்டியிருந்தது. எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு வருஷம் கழித்து, 2002இல், அவளுக்குப் பாலகுருவைக் கேட்டார் அப்பா. பெண் எடுத்த இடத்திலேயே பெண் கொடுக்கலாம் என்று. பாலகுரு வேறு ஒரு பெண்ணை விரும்புவதாகச் சொல்லிவிட்டான். பந்திக் கதையை அப்பா அதற்கு முன்னால் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

அவள் சொன்னாள்: "இல்லண்ணா. அதுக்கு அப்புறந்தான் ஆரம்பிச்சாரு. பொண்ண வேணான்னுட்டான்னு வெளிய எப்படிச் சொல்லுவாரு? எனக்குக் கேவலம்னு நெனச்சாரு."

"உனக்குத் தெரிஞ்சிருந்துதா?"

"தெரியும். ஆனா எனக்குப் பாலகுரு மேல கோவமே இல்லண்ணா. பிடிக்கலைன்னா பிடிக்கல, அதுல என்ன? நான் நல்லாத்தானே இருக்கேன். யாரும் என்னைக் கேக்கல."

யாரும் கேட்கவில்லை. சரிதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு – மகாளய அமாவாசை

காரைக்கால் கடற்கரை. நல்ல கூட்டம். அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பெயரை மூன்று தடவை சொல்லச் சொன்னார் ஐயர். வைத்தியலிங்கம், வைத்தியலிங்கம். மூன்றாம் தடவை குரல் வரவில்லை. அழுகிறேன் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவர் தோளைத் தட்டினார்.

அப்பா கெட்டவர் இல்லை. எனக்கு டைபாய்டு வந்தபோது நெடுங்காட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தவர். பெண்ணுக்கு நேர்ந்ததை வெளியில் சொல்ல முடியாமல் வேறு ஒன்றைச் சொன்னார். சொல்லிச் சொல்லி அவரே நம்பியும் இருக்கலாம். அது அவர் தப்பு.

ஆனால் பின்னால் நின்று சிரித்தவன் நான். கண்ணால் பார்த்தவன். நான் எப்படி நம்பினேன்? நம்பினேனா, இல்லை, நம்புவது சுலபமாக இருந்ததா? அப்பா பக்கம் நின்றால் வீட்டில் சண்டை இல்லை. சௌந்தரம்தான் எதிர்த்துப் பேசமாட்டாளே.

செப்டம்பர் 28, ஞாயிறு

பட்டினம் போய் வந்தேன்.

நேற்றே சௌந்தரத்திடம் சொன்னேன். நீயும் வருகிறாயா என்றேன். "நீங்க மொதல்ல போயிட்டு வாங்க" என்றாள். வழி சிவப்ரியாதான் சொன்னாள். "மாடி எடுத்துக் கட்டிட்டாங்கப்பா. பச்சை கேட்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"மாமா பொண்ணு ஓவியா என் காலேஜ்தான். ரெண்டு வருஷமா கேன்டீன்ல ஒண்ணாத்தான் சாப்புடுறோம்."

அம்மாவுக்குத் தெரியுமா என்றேன். ஓவியாவின் போட்டோக்கள் சௌந்தரத்தின் போனில் இருக்கிறதாம். பெயர் போடாத ஒரு போல்டரில். இந்த வீட்டில் நான் ஒருவன்தான் தெரியாதவன்.

பாலகுரு ஒரு தனியார் பள்ளியில் கணக்கு ஆசிரியர். காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் சிவப்புப் பேனா அப்படியே நின்றது. அப்புறம் எழுந்தான்.

"வாங்கத்தான். உக்காருங்க."

அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பிறகு காபி. 'எப்படியிருக்கீங்க' என்று கேட்கப் போனேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியவில்லை.

பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு போனதை ஒரே மூச்சில் சொன்னேன். "வீடியோவ இப்பதான் பாத்தேன் பாலகுரு. அப்பா சொன்னது தப்பு. நான் நம்புனது அதவிடப் பெரிய தப்பு. மன்னிச்சிரு."

பேனாவுக்கு மூடி போட்டான்.

"ரெண்டாவது தடவ ஊத்துனப்ப மாமா என்ன சொன்னாங்க தெரியுமா? 'டேய், எனக்குச் சக்கர இருக்குடா, எம்புள்ளகிட்ட சொல்லிடாத'ன்னாங்க. நீங்க பின்னாடிதான் நின்னீங்க."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"என் கல்யாணத்துல மூணாவது முடிச்சுக்குப் பெரியம்மா பொண்ணத்தான் கூப்புட்டோம்" என்றான். "அக்கா எப்படியும் வந்துரும்னு வாசலயே பாத்துக்கிட்டு இருந்தேன். ஐயர் நேரமாவுதுன்னுட்டாரு."

அவன் மனைவி காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"கோவத்துல சொல்லல அத்தான். இது அக்கா வீடு, எப்ப வேணாலும் வரட்டும். நீங்களும் வாங்க. ஆனா நான் அங்க வரமாட்டேன்."

"பாலகுரு..."

"பத்திரிக்கையோட வந்தேன்ல. வாசல்ல நின்னப்ப ஜன்னல் வழியா உங்க கால் தெரிஞ்சுது. ஊஞ்சல்ல இருந்தீங்க. என் குரல் கேட்டதும் ஊஞ்சல் நின்னுச்சு. சரி, வர்றாருன்னு நெனச்சேன். அப்புறம் திரும்ப ஆட ஆரம்பிச்சுது."



செப்டம்பர் 29, திங்கள்

காலைக் காபி குடிக்கும்போது சௌந்தரத்திடம், என்னை மன்னிச்சிரு என்றேன். நான் அப்படிச் சொன்னதே அவளுக்குச் சங்கடமாக இருந்தது. முந்தானையால் மேஜையைத் துடைத்தாள்.

"தம்பி கல்யாணத்தக்கூட விடுங்க. எங்கம்மா செத்தப்ப, எடுத்த அன்னிக்கு சாயங்காலமே கெளம்புன்னு சொல்லிட்டீங்க. பதினாறு நாளு இருந்திருக்கணும். அதுதான் எனக்கு."

அதைக்கூடச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. போட்டிருந்தால் தேவலை.

அக்டோபர் 5, ஞாயிறு

சௌந்தரம் பட்டினம் போனாள். பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேணாம், நான் பஸ்லயே போயிக்கிறேன்." மாம்பழ நிறப் புடவை கட்டியிருந்தாள்.

இருட்டுவதற்குள் வந்துவிட்டாள். கண் வீங்கியிருந்தது. கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். என்ன பேசினீர்கள் என்று கேட்கவில்லை. தம்பி மனைவி பெயர் மட்டும் கேட்டேன்.

மீனலோசனி.

அக்டோபர் 20, திங்கள் – தீபாவளி

காலையில் எண்ணெய் வைத்துவிட்டாள், பலகாரம் எடுத்து வைத்தாள், எல்லாம் வழக்கம்போல. பத்து மணிக்கு அவளும் சிவப்ரியாவும் பட்டினம் கிளம்பினார்கள். மீனலோசனி போனில் என்னையும் கூப்பிட்டார். அடுத்த தடவை வருகிறேன் என்றேன். போயிருக்கலாம். கால் வரவில்லை.

மத்தியானம் மேஜையில் எல்லாம் மூடி வைத்திருந்தது. ஒன்றும் குறையில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

மூன்று நாளாக அடைமழை. சம்பாவில் முழங்கால் தண்ணீர். சௌந்தரம் தம்பிக்குப் போன் செய்து அவர்கள் வயல் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். முன்பானால் கொல்லைக்குப் போய்ப் பேசுவாள். இன்று கூடத்திலேயே உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். நான் பேப்பரைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அக்காவும் தம்பியும் இவ்வளவு சிரித்துப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

2026 ஜனவரி 11, ஞாயிறு

பொங்கல் சீர் வந்தது. 2002ஆம் வருஷப் பொங்கலோடு நின்றுபோனது.

பத்தரை மணி இருக்கும். கேட்டில் ஸ்கூட்டி வந்து நின்றது. ஓவியா. அப்படியே சௌந்தரத்தின் அம்மா ஜாடை. இரண்டு பை நிறையப் பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, காய்கறி. புடவை, வேட்டி.

"மாமா, கரும்பு அப்பாட்ட இருக்கு. முனையில நிக்கிறாங்க."

தெருமுனை டீக்கடைக்கு முன்னால் பாலகுரு பைக்கில் கரும்புக் கட்டோடு நின்றிருந்தான். நான் அப்படியே போனேன், வீட்டில் கட்டியிருந்த கைலியோடு.

"உள்ள வாயேன், பாலகுரு."

"இருக்கட்டும் அத்தான். ஓவியா ரெண்டு நடையா எடுத்துட்டுப் போயிரும்."

மறுபடி கூப்பிடவில்லை. கூப்பிட எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கட்டைப் பிரித்து, முழுவதையும் தோளில் ஏற்றிக்கொண்டேன். சீர் வாங்குகிற வீட்டுக்காரன் சீரைத் தானே சுமந்துகொண்டு வருகிறான் என்று எதிர்வீட்டில் பார்த்தார்கள். பரீது பாய் ஓடி வந்து, "கொடுங்க சார்" என்றார். வேண்டாம் என்றேன். தோகை முகத்தில் அறுத்தது.

சௌந்தரம் வாசலில் நின்றிருந்தாள். கையெல்லாம் மாவு.

"அவன் எங்க?"

"முனையில."

என்னைத் தாண்டிக்கொண்டு போனாள். செருப்புக்கூடப் போடவில்லை. அவள் இப்படி வேகமாக நடந்து நான் பார்த்தது எப்போது?

கேட்டில் நின்று பார்த்தேன். அவன் பைக்கை விட்டு இறங்கினான். டீக்கடைக்காரர் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்கார்ந்தாள். அவன் டீ வாங்கிக் கொடுத்தான். சொந்த வீட்டு வாசல் தெரிகிற தூரத்தில், நடுத்தெருவில் உட்கார்ந்து, தம்பி கையால் டீ வாங்கிக் குடித்தாள். அவன் ஏதோ சொன்னான். அவள் அவன் கையில் அடித்தாள்.

போகலாமா என்று நினைத்தேன். இரண்டு அடி வைத்தேன்கூட.

"மாமா," என்றாள் ஓவியா பின்னாலிருந்து, "கரும்ப எங்க சாத்துறது?"

அவளை உள்ளே கூட்டிப் போய் இடம் காட்டினேன்.